பராக்கும் விளையாட்டும்: வீட்டில் செய்யும் விளையாட்டுப் பொருள்கள் குறித்து ஓர் ஆய்வு

1. இரு சொற்கள், ஒரு கேள்வி

சிறு குழந்தை சிணுங்கும்போது தமிழ் வீடுகளில் இரண்டு குரல்கள் கேட்கும். ‘பிள்ளைக்குக் கொஞ்சம் பராக்குக் காட்டு’ என்பது ஒன்று. ‘கீழே விடு, விளையாடட்டும்’ என்பது மற்றொன்று. இரண்டுக்கும் அழுகையை நிறுத்துவதே நோக்கம். ஆனால் வினை யாருடையது என்று பார்த்தால் வேறுபாடு தெரியும். பராக்குக் காட்டுவதில் வினை பெரியவருடையது. காக்கையையோ நிலாவையோ தெருவில் போகும் வண்டியையோ காட்டுகிறோம், குழந்தை பார்க்கிறது, அது தன்னை மறந்து வாய் திறந்த நேரத்தில் ஒரு வாய்ச் சோற்றை ஊட்டிவிடுகிறோம். விளையாட விடும்போது வினை குழந்தையின் கைக்குப் போய்விடுகிறது. பெரியவர் பக்கத்தில் இருக்கலாம், ஒரு கை கொடுக்கலாம். அடுத்து என்ன நடக்க வேண்டும் என்பதைக் குழந்தைதான் முடிவு செய்கிறது.

குழந்தை வளர்ப்பில் பராக்குக்கும் இடமுண்டு. ஊசி போடும் நேரத்தில் அது கருணை. நாள் முழுவதும் பராக்காகவே கழியும்போதுதான் சிக்கல். இன்று அந்த வேலையைக் கைப்பேசித் திரை ஏற்றுக்கொண்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2 வயது நிரம்பாத குழந்தைக்குத் திரை வேண்டாம் என்றும், 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு 1 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்றும் சொல்கிறது. அப்படியானால் திரையை வாங்கி வைத்தபின் குழந்தையின் கையில் எதைக் கொடுப்பது? கடைப் பொம்மை வாங்க எல்லாரிடமும் பணமில்லை. வாங்கியவர்களும் அது மூன்றாம் நாள் கட்டிலடியில் கிடப்பதைப் பார்க்கிறார்கள். ‘அந்தக் காலத்தில் ஓலையிலும் களிமண்ணிலும் செய்து கொடுத்தோமே’ என்ற பேச்சு அப்போதுதான் எழுகிறது.

இக்கட்டுரை அந்தப் பேச்சைச் சோதித்துப் பார்க்கிறது. பிறந்தது முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளை, செலவின்றி வீட்டில் செய்த விளையாட்டுப் பொருள்கள் மகிழ்ச்சியாக ஈடுபடுத்துமா? ஈடுபடுத்தினால் அது எதனால்: பொருளின் எளிமையாலா, செய்துகொடுத்த கையாலா, உடன் உட்கார்ந்திருக்கும் மனிதராலா? சான்றுகள் எவ்வளவு தூரம் நம்மைக் கொண்டுபோகின்றன, எங்கே நின்றுவிடுகின்றன என்பதைப் பிரித்துக் காட்டுவது இதன் நோக்கம்.

2. இதுவரையான புரிதல்

இத்துறையில் மூன்று வகைப் பேச்சுகள் வழங்கிவருகின்றன. முதலாவது கல்வியாளர்களுடையது. ஜெர்மனியின் பிரீட்ரிக் ஃபிரோபெல் 1837-இல் பாட் பிளாங்கன்பர்க்கில் சிறுவர்க்கான நிலையத்தைத் தொடங்கி, குழந்தைகளுக்கென வரிசையாக விளையாட்டுப் பொருள்களை வடிவமைத்தார். அவற்றுள் முதலாவது கம்பளி நூலில் பின்னிய மென்பந்து. அடுத்தது மரத்தாலான உருண்டையும் கனசதுரமும் உருளையும். மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில், பாவைகளைவிடக் கைக்கு வேலை தரும் பொருள்களையே குழந்தைகள் நாடியதாகப் பதிவு செய்தார். அவர் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இரண்டாம் உலகப் போர்க்காலம் முழுவதும் அவர் இந்தியாவில் தங்க நேர்ந்தது. இருவரும் எளிய வடிவங்களில் நம்பிக்கை வைத்தவர்கள். ஆயினும் அவர்களின் கருவிகள் தேர்ந்த தச்சர் அளவெடுத்துச் செய்தவை. நாளடைவில் ஏழைப் பள்ளியின் கைக்கு எட்டாத விலைக்குப் போயின. குஜராத்தில் 1920-இல் பவநகரில் குழந்தைகள் பள்ளி தொடங்கிய கிஜுபாய் பதேகா மாண்டிசோரியின் கருத்தை எடுத்துக்கொண்டு, அதை இந்தியச் சூழலுக்கு ஏற்ப மாற்றியமைத்தார். ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தோடு 1978 முதல் தொடர்புகொண்ட அரவிந்த் குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வுக் குழாயையும் இணைத்து வடிவங்கள் கட்டிக் காட்டினார். குப்பையிலிருந்து அறிவியல் பொம்மை செய்வது என்ற இயக்கம் அவர் பெயரோடு வளர்ந்தது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அவருடைய பொம்மைகள் பெரும்பாலும் பள்ளி வயதினருக்கானவை என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது பண்பாட்டு ஆய்வாளர்களுடையது. தேவநேயப் பாவாணரின் ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ (1954) இதில் முன்னோடி நூல். ஆண்பால், பெண்பால், இருபால் என வகுத்து ஆட்டங்களின் முறையையும் பெயர்க்காரணத்தையும் அது விளக்குகிறது. இந்த மரபின் கவனம் ஆட்டத்தின் விதிமேல் இருக்கிறது. விதி அறியாப் பருவத்துக் குழந்தை கையில் வைத்து உருட்டியும் தட்டியும் கடித்தும் பார்க்கும் பொருள்கள் அதில் ஓரத்துக்குப் போய்விடுகின்றன.

மூன்றாவது ஏக்கத்தின் பேச்சு. ‘நாங்கள் காசில்லாமல் விளையாடினோம், இன்பமாக இருந்தோம்’ என்பது அதன் சாரம். இதில் உண்மை உண்டு; மறதியும் உண்டு. எந்தப் பொருள் எந்த வயதில் எப்படி ஈடுபடுத்தியது என்ற விவரம் அதில் கிடைக்காது. இம்மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து உரசிப் பார்க்க, பழைய சான்றிலிருந்து தொடங்கலாம்.

3. பழைய சான்றுகள் சொல்வது

தமிழ்ப் பழம்பாடல்களில் குழந்தையின் முதன்மை விளையாட்டுப் பொருள் சிறுதேர். பெரும்பாணாற்றுப்படையில் தச்சர் செய்த சிறுதேரை உருட்டிக் களைத்த சிறுவர் செவிலியிடம் பாலுண்டு உறங்குகிறார்கள். பட்டினப்பாலையில், கோழியை விரட்டப் பெண்கள் எறிந்த பொற்குழை, முற்றத்தில் உருளும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியை மறிக்கிறது. இவ்விரு காட்சிகளையும் மரபுப் பெருமைக்குச் சான்றாகக் காட்டுவோர், அவற்றிலுள்ள செல்வத்தைக் கவனிப்பதில்லை. ஒரு வீட்டில் செவிலி இருக்கிறாள். மற்றொன்றில் கோழியின்மேல் எறியப் பொன் இருக்கிறது. இரண்டும் வீட்டில் செய்த பொம்மைக்குச் சான்றல்ல; கைதேர்ந்தவரிடம் செய்வித்த பொம்மைக்குச் சான்று.

வீட்டில் செய்ததன் சுவடு வேறிடத்தில் இருக்கிறது. மணலில் கட்டிய சிற்றில், ஈரமணலில் பிடித்த வண்டற்பாவை, பஞ்சாய்க் கோரையால் முடைந்த பாவை ஆகியவை அவை. ஐங்குறுநூற்றின் நெய்தற் பாடல் ஒன்றில், தன் வண்டற்பாவையை அலை பறித்ததற்காக ஒரு சிறுமி நுண்மணலை அள்ளி வீசிக் கடலையே தூர்க்க முயல்கிறாள். விலையற்ற மணற்பாவைமேல் எவ்வளவு பற்று! குறுந்தொகையின் 276-ஆம் பாடலில் தலைவன், இவளுக்குப் பாவை செய்து கொடுத்தும் பஞ்சாய் தேடிப் பள்ளங்களைச் சுற்றியும் தான் பட்ட பாட்டை நினைவூட்டுகிறான். பாவை எங்கே போயிற்று என்று அவன் பேசவில்லை. அதைச் செய்யத் திரிந்த நேரமே உறவின் சான்றாக நிற்கிறது. இப்பாடல்களின் சிறுமியர் நம் ஆய்வுக்குரிய வயதைக் கடந்தவர்கள். எனினும் பொருளின் மதிப்பு அதைச் செய்த உழைப்பிலும் உடனிருந்தவரிடத்தும் ஊறுவதை அவை தெளிவாகக் காட்டுகின்றன.

இந்த ஆய்வுக்கு மிக நெருங்கிய சான்று குறுந்தொகையின் 61-ஆம் பாடல். தும்பிசேர் கீரனார் பாடியது. தச்சன் செய்த சிறுதேரில் ஏறிச் செல்ல முடியாவிட்டாலும், அதைக் கையால் இழுத்தே இன்புறும் குழந்தைகளை அதில் தோழி உவமையாக்குகிறாள். தேரின் பயன் ஏறிச் செல்வது. அந்தப் பயனை இந்தத் தேர் தராது. அந்தக் குறையைக் குழந்தை தன் கையால் நிரப்பிக்கொள்கிறது. விளையாட்டுப் பொருளின் இன்பம் அது செய்து காட்டுவதில் இல்லை, அதைக் கொண்டு குழந்தை செய்வதில் இருக்கிறது என்ற கருத்து, உவமையாக வழங்கும் அளவுக்கு அன்றே ஊரறிந்த செய்தியாக இருந்திருக்கிறது.

தொல்லியலும் ஒரு சிறு துணை தருகிறது. கீழடி அகழாய்வில் சுடுமண் ஆட்டக்காய்களோடு வட்டச் சில்லுகளும் கிடைத்தன. உடைந்த பானையோட்டின் விளிம்பைத் தேய்த்து வட்டமாக்கியவை அவை. பொதுவாக இத்தகைய ஓட்டு வட்டுகளை விளையாட்டுச் சில்லு என்பாரும் உண்டு. மூடி, எடைக்கல், நூற்கும் தக்கிளியின் வட்டு என்பாரும் உண்டு. ஒரே ஓட்டுக்கு இத்தனை பயன் சொல்ல முடிவதே கவனிக்கத்தக்கது. பல வேலைக்கு வளைந்து கொடுக்கும் எளிய பொருள்தான் குழந்தையின் கைக்கும் போய்ச் சேரும்.

4. பொருளின் இயல்பு: முடிக்கப்படாமை

நுங்கு வண்டியை எடுத்துக்கொள்வோம். சுளை தோண்டித் தின்ற இரண்டு பனங்காய்கள் சக்கரம். நடுவே செருகிய குச்சி அச்சு. பின்னாலிருந்து தள்ள ஒரு கவட்டைக் கம்பு. குச்சி நடுவில் நேராக இறங்காவிட்டால் வண்டி ஒருபக்கம் இழுக்கும். இரண்டு மூன்று நாளில் காய் வாடிச் சுருங்கும், துளை பெரிதாகும், சக்கரம் ஆடும். அதைச் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த காய்க்குக் காத்திருக்க வேண்டும். மூன்று வயதுக் குழந்தையால் இதைச் செய்ய இயலாது. அரிவாள் பிடிப்பவர் தாத்தாவோ அண்ணனோதான். ஆனால் காய் வண்டியாவதைக் குழந்தை கண்ணெதிரே பார்க்கிறது. கடைக் காரை யாரோ எங்கோ செய்தார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க அதை உடைக்க வேண்டும். நுங்கு வண்டி உள்ளும் புறமும் தெரிந்த பொருள்.

ஓலைக் காற்றாடியும் இப்படித்தான். பனையோலை நறுக்குகளைக் குறுக்கே கோத்து, வேலமுள்ளால் சோளத்தட்டையில் குத்தினால் காற்றாடி. காற்று வராத நாளில் குழந்தை ஓடினால்தான் அது சுற்றும். பூவரசு இலையைச் சுருட்டி ஒரு முனையை நசுக்கினால் பீப்பீ. நசுக்கிய முனை நாதசுரச் சீவாளிபோல் அதிர்ந்து ஒலிக்கிறது. எவ்வளவு நசுக்குவது, உதட்டை எப்படி வைப்பது என்பதைப் பலமுறை தவறித்தான் பழக முடியும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் உதிர்ந்த தென்னங்குரும்பட்டிகளில் ஈர்க்குக் குத்தித் தேர் கட்டுவார்கள். இவை எதுவும் குழந்தை வாளாவிருக்கும்போது தானாக எதையும் செய்து காட்டாது. விசையை அழுத்தினால் பாடி ஆடும் பொம்மையோ குழந்தையைப் பார்வையாளராக்கிவிடும். பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோலண்ட் பார்த் 1957-இல் வெளியான தம் ‘புராணவியல்கள்’ நூலில், அக்காலப் பொம்மைகள் குழந்தையைப் படைப்பவராக்காமல் உடைமையாளராகவும் பயனாளராகவும் ஆக்குவதைக் கடிந்தார். நம் மொழியில் சொன்னால், விலைகொடுத்து வாங்கிய பராக்கு.

எளிய பொருள் எதுவானாலும் போதும் என்று இதை நீட்டிவிட முடியாது. ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி 1930-களில் கம்புக் குதிரையைப் பற்றி எழுதினார். கம்பு குதிரையாகும்போதுதான் குழந்தையின் மனத்தில் சொல்லின் பொருள் கண்ணுக்குத் தெரியும் பொருளிலிருந்து முதன்முதலாகப் பிரிகிறது என்பது அவர் கருத்து. அதோடு இன்னொன்றையும் சொன்னார்: கம்பு குதிரையாகலாம், அஞ்சலட்டை குதிரையாகாது. கால்களுக்கிடையே வைத்து ஓட இடம் கொடுக்கும் ஒன்றுதான் குதிரை. ஆகவே பொருளுக்கும் ஒரு தகுதி வேண்டும். அந்தத் தகுதி குழந்தையின் உடலசைவுக்கு அது கொடுக்கும் இடம். ஆங்கிலேயச் சிற்பி சைமன் நிக்கல்சன் 1971-இல் எழுதிய கட்டுரையில், நகர்த்தவும் சேர்க்கவும் பிரிக்கவும் இயலும் உதிரிப் பொருள்கள் கூடக்கூடப் படைப்பாற்றலுக்கான வாய்ப்பும் கூடும் என்றார். மணல், நீர், கூழாங்கல், அட்டைப்பெட்டி ஆகியவை இந்த அளவுகோலில் எந்தக் கடைப் பொம்மையையும் விட மேலே நிற்கின்றன.

5. ஆய்வுகளின் எடை

இவை கருத்துகள். அளந்து பார்த்த சான்று உண்டா? மூன்று ஆய்வுகளை எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது ஜமைக்காவில் நடந்தது. கிங்ஸ்டன் நகரின் ஏழைப் பகுதிகளில் 9 முதல் 24 மாத வயதில், வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை சாலி கிரந்தம்-மக்ரகரும் அவர் குழுவினரும் 1986-87 முதல் 2 ஆண்டுகள் பின்தொடர்ந்தனர். நான்கு பிரிவுகள்: ஒரு பிரிவுக்குச் சத்துணவு, ஒரு பிரிவுக்கு வாரம் ஒருமுறை வீடுதேடி வந்து விளையாட்டு, ஒரு பிரிவுக்கு இரண்டும், ஒரு பிரிவுக்கு இவற்றில் எதுவுமில்லை. வீடுதேடி வந்தவர்கள் உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்கள். அவர்கள் கொண்டுவந்தவை வீசியெறிந்த போத்தல், மூடி, பெட்டி, துணி போன்றவற்றால் கையால் செய்த பொம்மைகளும் எளிய படப் புத்தகங்களும். ஒரு மணி நேரம் தாயோடும் குழந்தையோடும் உட்கார்ந்து விளையாடுவார்கள். பொம்மையை விட்டுச் செல்வார்கள். அடுத்த வாரம் வந்து வேறொன்றை மாற்றித் தருவார்கள். விளையாட்டுப் பிரிவுக் குழந்தைகளின் வளர்ச்சி மேம்பட்டதை 1991-இல் அவர்கள் வெளியிட்டனர். சுமார் 20 ஆண்டுகள் கழித்து அதே குழந்தைகளைத் தேடிச் சென்ற பால் கெர்ட்லர் குழுவினர், விளையாட்டு கிடைத்தவர்களின் வருவாய் கிடைக்காதவர்களைவிட 25 விழுக்காடு கூடுதலாக இருந்ததை 2014-இல் அறிவித்தனர். சத்துணவு மட்டும் பெற்றவர்களிடம் இத்தகைய நீடித்த பலன் தென்படவில்லை.

வீசியெறிந்த போத்தல் மூடிகளின் வழியே இவ்வளவு தூரம் போக முடியும் என்பது நெகிழ வைக்கும் முடிவு. ஆனால் இதிலிருந்து ‘கைப்பொம்மை கொடுத்தால் போதும்’ என்று முடிவுகட்டினால் பிழை. பொம்மையை மட்டும் பெற்று, ஆள் வராத பிரிவு ஒன்று அந்த ஆய்வில் இல்லை. ஆகவே பொம்மை எவ்வளவு, உடன் உட்கார்ந்தவர் எவ்வளவு என்று அதைக்கொண்டு பிரிக்க இயலாது. பொம்மையும் பேச்சும் தாயின் பங்கும் சேர்ந்த முழுமைதான் பலன் தந்தது என்று மட்டுமே சொல்லலாம்.

இரண்டாவது ஆய்வு அமெரிக்காவில் அன்னா சோசா 2016-இல் வெளியிட்டது. 10 முதல் 16 மாதக் குழந்தைகளோடு 26 பெற்றோர், மின்னணுப் பொம்மை, மரக்கட்டை போன்ற வழக்கமான பொம்மை, புத்தகம் ஆகிய மூன்றையும் வைத்து வீட்டில் விளையாடினர். மின்னணுப் பொம்மை பேசியபோது பெற்றோர் பேச்சைக் குறைத்துக்கொண்டனர். குழந்தையோடு மாறிமாறிப் பேசுவதும் குறைந்தது. புத்தகத்தின்போது பேச்சு மிகுந்தது. பேசாப் பொம்மை மனிதர்களைப் பேச வைக்கிறது.

மூன்றாவது ஆய்வு ஒகையோ மாநிலத்தின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் நடந்து 2018-இல் வெளியானது. 36 சிறு குழந்தைகள் ஒருமுறை 4 பொம்மைகளோடும் மற்றொருமுறை 16 பொம்மைகளோடும் தனித்தனியே விளையாட விடப்பட்டனர். 4 மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றோடும் நெடுநேரம், பல்வேறு விதங்களில் விளையாடினர். 16 இருந்தபோது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவினர்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு நேர்மையான முடிவுக்கு வரலாம். ‘வீட்டில் செய்தது’ என்ற தன்மையை இவற்றில் எதுவும் தனித்துச் சோதிக்கவில்லை. அவற்றில் இடம்பெற்றவை வேறு: குறைவாக இருத்தல், தானாகப் பேசாமல் இருத்தல், காலம் பார்த்து மாற்றப்படுதல், உடன் ஒருவர் இருத்தல். இந்த நான்கும் வீட்டில் செய்த பொருளோடு இயல்பாகவே சேர்ந்து வருகின்றன. செய்வதற்கு நேரமாகும், ஆகவே எண்ணிக்கை குறைவு. பேசுவதற்கு அதில் மின்கலம் இல்லை. செய்பவர் உடனிருந்தாக வேண்டும். மாற்றித் தரும் வேலையைப் பருவகாலமே செய்துவந்தது. சித்திரை வைகாசியில் நுங்கு வண்டி, ஆடிக்காற்றில் காற்றாடி, ஐப்பசி மழையில் காகிதக் கப்பல், தையில் பொங்கல் பானை பார்த்துச் செய்த மண்சொப்பு. ஒரு பொருள் அலுக்கும் முன் அதன் காலம் முடிந்துவிடும்; அடுத்த ஆண்டு அது புதிதாகத் திரும்பி வரும். கிங்ஸ்டன் பணியாளர்கள் வாரந்தோறும் பையில் சுமந்து வந்த மாற்றத்தை நம் ஊர்களில் பனையும் காற்றும் மழையும் சுமந்து வந்தன.

6. எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம் பாதுகாப்பு. கடைப் பொம்மைகளுக்கு இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் தரச்சான்று கட்டாயம். வீட்டில் செய்ததற்குச் செய்தவரே தேர்வாளர். நம் மரபில் வழங்கியவை எல்லாம் தீங்கற்றவை என்ற நம்பிக்கை ஆபத்தானது. பிள்ளையாருக்குக் கண் வைக்கும் குன்றிமணி நச்சு விதை. ஓடு உடைந்தால் கொல்லக்கூடியது. கிலுகிலுப்பைக்குள் அதைப் போடவே கூடாது. காட்டாமணக்குக் காம்பின் பாலில் குமிழி ஊதிய நினைவு பலருக்கு இனிக்கும். அதன் விதையைத் தின்ற பிள்ளைகள் வாந்தியும் பேதியுமாக மருத்துவமனைக்கு வருவது இன்றும் நடக்கிறது. அரளியும் அப்படியே. புளியங்கொட்டை, வேர்க்கடலை, மணி, பொத்தான் ஆகியவை 3 வயதுக்குட்பட்ட குழந்தையின் மூச்சுக்குழாயை அடைக்கும். பன்னாட்டுத் தரச் சோதனையில் இதற்கொரு அளவு உண்டு: 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு உருளைக்குள் முழுதாக அடங்கிவிடும் எதுவும் அந்த வயதுக்கு ஆகாது. பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். அதைவிடச் சற்றுப் பெரியது கூட ஆபத்து என்று நினைவில் வைக்கலாம். நீண்ட கயிறு, பிளாஸ்டிக் பை, கூர்மையான தகரம், பழைய பெயின்ட் பூசிய மரம் ஆகியவற்றையும் விலக்க வேண்டும்.

இரண்டாவது எதிர்வாதம் பாலினம். சொப்பு பெண்ணுக்கு, வண்டி ஆணுக்கு என்ற பிரிவினை இப்பொருள்களோடு ஒட்டியே வந்தது. பிள்ளைத்தமிழின் பருவங்களிலும் அது பதிந்திருக்கிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிறுபறையும் சிறுதேரும். பெண்பாலில் கழங்கும் அம்மானையும் ஊசலும். சிற்றில் பருவத்தில் சிறுமியர் கட்டிய மணல்வீட்டைச் சிதைக்க வேண்டாம் என்று ஆண்பிள்ளையிடம் கெஞ்சுவதே பாட்டு. வீட்டில் செய்யும் பொம்மைக்கு ஒரு நன்மை உண்டு: பெட்டியின்மேல் யாருக்கு என்று அச்சிடப்படவில்லை. மரபை மாற்றிக்கொடுக்கச் செய்பவர் கையே போதும்.

மூன்றாவது எதிர்வாதம் மிகக் கனமானது. சமஸ்கிருத நாடகமான ‘மிருச்சகடிக’த்தில், வறுமையில் வீழ்ந்த சாருதத்தனின் மகன் அண்டை வீட்டுப் பிள்ளையின் பொன்வண்டியைப் பார்த்துவிட்டுத் தன் மண்வண்டியை வேண்டாம் என்று அழுகிறான். நாடகத்தின் நாயகி வசந்தசேனை தன் நகைகளைக் கழற்றி அந்த மண்வண்டியை நிரப்புகிறாள். நாடகத்தின் பெயரே இந்தச் சிறு மண்வண்டியிலிருந்து வந்தது. எளிய பொம்மையே போதும் என்று வசதியுள்ளவர் சொல்வது எளிது. ஒப்பிட்டுப் பார்க்கும் வயது வந்த குழந்தைக்கு மண்வண்டி தன் வீட்டின் இல்லாமையைச் சொல்லும் அடையாளம். ஏழைக் குழந்தைக்கு மட்டும் குப்பைப் பொம்மை, வசதியுள்ள குழந்தைக்கு வேறு என்று இக்கருத்து பயன்படுமானால், அது அநீதிக்குத் துணைபோகும். கையால் செய்தவை எல்லா வீட்டுக் குழந்தைகளின் நடுவிலும் புழங்கும்போதுதான் அவற்றின் மேல் படிந்த ஏழ்மை முத்திரை அழியும்.

இதோடு இணைந்தது உழைப்பின் கேள்வி. காலை முதல் சித்தாள் வேலை செய்து வரும் தாயிடம் ‘வீட்டில் பொம்மை செய்து விளையாடு’ என்பது அறிவுரையா, கூடுதல் சுமையா? ஓலை முடைந்த பாட்டிகளுக்கும் தம்பியை இடுப்பில் சுமந்த அக்காக்களுக்கும் அந்த நேரம் எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்டதில்லை. அந்த அக்கா பல வேளைகளில் தானே விளையாட வேண்டிய எட்டு வயதுக் குழந்தை. ஜமைக்கா ஆய்வின் பாடம் இங்கேதான் கூர்மையாகிறது. அங்கே பொம்மையைப் பையில் போட்டுக்கொண்டு வந்தவர் சம்பளம் பெறும் பணியாளர். சமூகம் அந்த நேரத்தை விலைகொடுத்து வாங்கித் தாயிடம் சேர்த்தது.

7. வயதும் பொருளும்

எதிர்வாதங்களை ஏற்றுக்கொண்ட பின்னும் எஞ்சும் நடைமுறையைச் சுருக்கமாகத் தொகுக்கலாம்.

உட்காரத் தொடங்கிய குழந்தைக்குச் செய்து கொடுக்க வேண்டியது மிகக் குறைவு. பிரிட்டனின் எலினார் கோல்ட்ஷ்மீட் இந்த வயதுக்குப் பரிந்துரைத்தது ஒரு ‘புதையல் கூடை’: பிளாஸ்டிக் அல்லாத, தொட்டால் வேறுவேறாகத் தோன்றும் வீட்டுப் பொருள்கள் நிறைந்த கூடை. நம் சமையலறையில் அதற்குக் குறையில்லை. எவர்சில்வர் டம்ளர், மரக்கரண்டி, தேங்காய்ச் சிரட்டை, பருத்தித் துணி, பெரிய மூடி. ஒன்று குளிரும், ஒன்று ஒலிக்கும், ஒன்று சொரசொரக்கும். வாயில் வைக்கும் என்பதால் கழுவிக் காயவைத்துக் கொடுக்க வேண்டும். சிரட்டையின் விளிம்பை மழுங்கத் தேய்த்திருக்க வேண்டும்.

நடக்கத் தொடங்கியதும் போடுவது, எடுப்பது, இழுப்பது, தள்ளுவது ஆகியவையே வேலை. வாய் அகன்ற டப்பாவும் அதில் போட்டெடுக்கத் துணி உருண்டைகளும். ஒரு குட்டைக் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கிண்ணங்கள். பழைய புடவையைச் சுருட்டி இறுகத் தைத்த பந்து, உருண்டோடித் தொலையாமல் குழந்தையின் வேகத்துக்கே உருளும்.

3 வயதுக்குமேல் பாவனை செழிக்கிறது. சப்பாத்திக்குப் பிசைந்த மாவில் ஓர் உருண்டை, ஒரு தீப்பெட்டி ரயில், பழைய துணியில் கண் வரைந்த பாவை, அட்டைப்பெட்டி வீடு, காகிதக் கப்பல். தைக்கவும் ஒட்டவும் மடிக்கவும் குழந்தையைக் கூட்டிக்கொள்ளலாம். கப்பல் சாய்ந்து மூழ்கட்டும். நாமே திருத்திக்கொடுத்துவிட்டால் அது மறுபடி பராக்காகிவிடும்.

ஒருவேளைக்கு நான்கைந்து பொருள் போதும். மற்றவற்றை எடுத்து வைத்து, வாரம் ஒன்றாக மாற்றித் தரலாம். பனைமரம் இல்லாத அடுக்குமாடி வீட்டில் பருவகாலத்தின் வேலையை நாம் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதை வீட்டோடு நிறுத்தக் கூடாது. ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-இல் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் 50,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டமும் அவற்றுக்கு உண்டு. ஊரில் ஓலை முடையவும் களிமண் பிடிக்கவும் துணிப்பாவை தைக்கவும் தெரிந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாதம் சில நாள் ஊதியம் கொடுத்து அவர்களை மையத்துக்கு அழைத்தால், குழந்தைக்குப் பொம்மையும் கிடைக்கும், அது உருவாகும் காட்சியும் கிடைக்கும். பதிவேடுகளின் சுமை குறைந்தால் அங்கன்வாடிப் பணியாளர் குழந்தையின் அருகில் உட்கார நேரம் கிடைக்கும். பொம்மைக்குச் செலவு குறைவுதான். உட்காரும் மனிதருக்குத்தான் செலவு. அந்தச் செலவைச் செய்ய மறுத்துவிட்டு மரபை மட்டும் புகழ்வது முறையாகாது.

8. முடிவாக

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்குக் கிடைத்த விடை இது. வீட்டில் செய்த பொருள் குழந்தையை ஈடுபடுத்துகிறது. மலிவானது என்பதாலோ பழையது என்பதாலோ அல்ல. அது முடிக்கப்படாமல் குழந்தையின் கைக்கு வருகிறது. மீதியைக் குழந்தை முடிக்கிறது. ஏற முடியாத தேரை இழுத்தே இன்புற்ற குறுந்தொகைக் குழந்தைகளிடமும், கிங்ஸ்டன் வீடுகளில் போத்தலாலும் மூடியாலும் செய்த பொம்மைகளோடு விளையாடிய குழந்தைகளிடமும் காண்பது இதையே. செய்யும் இடத்தில் ஒரு மனிதர் இருந்தாக வேண்டும் என்பது அதன் இரண்டாவது இயல்பு. ஆய்வுகள் காட்டிய பலனிலிருந்து அந்த மனிதரைப் பிரிக்க இயலாது.

பிரிந்துபோன துணிப்பந்தைத் தைக்கப் பாட்டி ஊசியில் நூல் கோக்கும் வேளையை நினைத்துக்கொள்ளலாம். முதல்முறை நூல் நுழைவதில்லை. எதிரே சம்மணமிட்டிருக்கும் குழந்தை ஊசியின் காதையே பார்க்கிறது. விளையாட்டு நின்றுபோன நேரம் அது. ஆனால் அழுகை இல்லை, சிணுங்கல் இல்லை. நூல் நுழைந்ததும் முடிச்சுப் போடத் தன் விரலை நீட்டுகிறது. இந்தக் காத்திருத்தலைப் பராக்கு என்று எந்தத் தமிழ்த் தாயும் சொல்லமாட்டாள்.